கனடாவிலிருந்து வந்த திருமண டி.வி.டி. புதிய தொலைக்காட்சியில் நிறமில்லாமல் தெரிகிறது: எங்கே பிழை?

நல்லூர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நீண்ட காலம் உழைத்த 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சி சென்ற மாதம் முற்றாக நின்றுவிட்டதால், 43 அங்குல எல்.ஈ.டி. தொலைக்காட்சி ஒன்றை வாங்கினோம். அதன் பின்புறத்தில் மூன்று எச்.டி.எம்.ஐ. துளைகளும், இரண்டு யு.எஸ்.பி. துளைகளும், அன்ரனாத் துளையும், ஏ.வி. என்று எழுதப்பட்ட சிறிய வட்டத் துளை ஒன்றும் மட்டுமே உள்ளன. பழைய பெட்டியில் இருந்த மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இதில் இல்லை.

என் அக்காவின் திருமணம் 1997ஆம் ஆண்டு ரொறன்ரோவில் நடந்தது. அன்றைய சூழ்நிலையில் அம்மாவும் அப்பாவும் இங்கிருந்து போக முடியவில்லை. அக்கா அனுப்பிய வீடியோ கசெட்டில்தான் மகளின் திருமணத்தைப் பார்த்தார்கள். பிற்காலத்தில் மருமகன் அதையே அங்கே டி.வி.டி.யாக மாற்றி இரண்டு தட்டுகள் அனுப்பிவைத்தார். அம்மாவுக்கு இப்போது 78 வயது. வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது அதைப் போடச் சொல்லுவார். புதிய பெட்டி வந்த நாளிலிருந்து அதை ஒழுங்காகப் போட முடியவில்லை.

நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். என்னுடைய டி.வி.டி. பிளேயர் 2006இல் கொழும்பில் வாங்கியது, அதில் எச்.டி.எம்.ஐ. இல்லை. ஒரு முனையில் சிறிய பிளக்கும் மறுமுனையில் மூன்று நிறப் பிளக்குகளும் உள்ள வயர் ஒன்றைக் கடையில் வாங்கி இணைத்தேன். படம் வரவில்லை, ஒலிபெருக்கியில் வண்டு இரைவது போன்ற சத்தம் மட்டும் வந்தது. வேறு கடையில் இன்னொரு வயர் வாங்கினேன். பார்வைக்கு முதலாவதைப் போலவே இருந்த அந்த வயரில் படமும் ஒலியும் வந்தன. ஆனால் படம் கறுப்பு வெள்ளை. இதற்கிடையில் கடைக்காரர் ஒருவர் சொன்னபடி, சிறிய வெள்ளைப் பெட்டி போன்ற மாற்றி ஒன்றையும் வாங்கி எச்.டி.எம்.ஐ. துளையில் இணைத்துப் பார்த்தேன். அதில் எதுவுமே வரவில்லை.

மூலக் கசெட்டையும் நாங்கள் வைத்திருக்கிறோம். கசெட்டைப் போட்டுப் பார்ப்பதற்குச் சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய வீடியோ டெக் இன்னும் ஓடுகிறது. தொலைக்காட்சியில் ஏ.வி. துளை ஒன்றே இருப்பதால் பிளேயரின் வயரை டெக்குக்கும், டெக்கின் வயரைத் தொலைக்காட்சிக்கும் கொடுத்துப் பார்த்தேன். அப்படிச் செய்தால் கடையில் வாங்கிய சினிமாப் படத் தட்டுகளில் வெளிச்சம் கூடிக் கூடிக் குறைகிறது. ஆனால் திருமணத் தட்டில் அப்படி இல்லை. டெக்கில் கசெட்டைப் போட்டாலோ சில நிமிடங்களுக்கு ஒரு தடவை திரை நீலமாகி, சிக்னல் இல்லை என்ற எழுத்து வருகிறது. பழைய பெட்டியில் இதே கசெட் சற்று ஆடினாலும் ஒருபோதும் மறைந்ததில்லை. பிழை பிளேயரிலா, வயரிலா, தொலைக்காட்சியிலா என்று விளங்கவில்லை. தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மதுரை டிவி மெக்கானிக்:

வணக்கம் ஐயா. 28 ஆண்டுகளாக டிவி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் ஒரு பழுதைச் சொல்லவில்லை. நான்கைந்து பழுதுகளை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் டெக்கையும் அந்த வெள்ளைப் பெட்டியையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். பிளேயர், ஒரு வயர், டிவி ஆகிய மூன்று மட்டும் இருக்கட்டும். மற்றவற்றைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

முதல் வயரில் படம் வராமல் இரைச்சல் வந்ததற்குக் காரணம் அந்தச் சிறிய பிளக்தான். அது 3.5 மில்லிமீட்டர் பிளக். அதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், அவை உலோகத்தை நான்கு பகுதிகளாகப் பிரிக்கும். இடது ஒலி, வலது ஒலி, படம், பொதுவான எர்த் ஆகிய நான்கும் இந்த நான்கு பகுதிகளில் அமைய வேண்டும். எந்தப் பகுதியில் எது என்பதற்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒப்புக்கொண்ட ஒரே ஒழுங்கு கிடையாது. பெரும்பாலும் நுனியில் இடது ஒலி வரும். அடிப்பகுதியில் சிலர் படத்தை வைக்கிறார்கள்; வீடியோ கேமராக்களுடன் வந்த வயர்கள் சிலவற்றில் அங்கே வலது ஒலி இருக்கும், படம் இரண்டாவது பகுதியில் இருக்கும். எர்த் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் மறுமுனையிலுள்ள நிறப் பிளக்குகளை மாற்றி மாற்றிச் செருகியே சரிசெய்துவிடலாம். மஞ்சளுக்குப் பதிலாகச் சிவப்பில் படம் வரும், அவ்வளவுதான். எர்த்தே இடம் மாறியிருந்தால் எப்படி மாற்றினாலும் பயன் இல்லை. நீங்கள் கேட்ட வண்டு இரைச்சல், ஒலிக்குப் போகும் வழியில் பட சிக்னல் புகுந்ததால் வந்தது. படம் நொடிக்கு 50 அல்லது 60 முறை மேலிருந்து கீழாக எழுதப்படுகிறது அல்லவா, அந்தத் துடிப்பைத்தான் காது இரைச்சலாகக் கேட்கிறது. டிவியும் பிளேயரும் கெட்டுப்போகவில்லை. மல்டிமீட்டர் வைத்திருப்பவர் யாராவது அருகில் இருந்தால், மூன்று நிறப் பிளக்குகளின் வெளி உலோகமும் சிறிய பிளக்கின் எந்தப் பகுதியோடு தொடர்பில் இருக்கிறது என்று இரண்டு வயர்களிலும் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இப்போது கறுப்பு வெள்ளைக்கு வருவோம். இதற்கு எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். பிளேயரை இயக்கியவுடன், தட்டு எதுவும் போடாத நிலையில் அதன் சொந்த முகப்புப் படம் திரையில் வருமே, அது நிறத்தோடு வருகிறதா? அடுத்தது, பிளேயரின் பின்புறத்தில் உங்கள் மஞ்சள் பிளக்கை எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள்? 2006ஆம் ஆண்டுப் பிளேயர் என்றால் மஞ்சள் துளை தவிரப் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளைகள் தனியாக இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள் வழியில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து ஒரே வயரில் போகின்றன. பச்சை வழியிலோ வெளிச்சம் மட்டும் போகிறது. நிறத்தின் தகவல் நீலம், சிவப்பு வயர்களில் பிரிந்து போகிறது. பச்சையில் மஞ்சள் பிளக்கைச் செருகினாலும் டிவி மறுக்காது, ஆடாத, தெளிவான படத்தைக் காட்டும். ஆனால் அதில் ஒரு துளி நிறமும் இருக்காது. துளைகளின் அளவு ஒன்றாகவே இருப்பதால் கடைப் பையன்களே இதில் ஏமாந்துவிடுகிறார்கள்.

டெக் வழியாகப் போகும்போது வெளிச்சம் கூடிக் குறைவதில் பழுது ஏதும் இல்லை. கடையில் விற்கும் படத் தட்டுகள் பலவற்றில் மாக்ரோவிஷன் என்ற நகல் தடுப்பு இருக்கிறது. திரையில் தெரியாத மேல் வரிகளில் சில பொய்த் துடிப்புகளை அது சேர்த்துவிடும். டிவி அவற்றைக் கண்டுகொள்ளாது. டெக்கில் மட்டும், பதிவு செய்வதற்காக சிக்னலின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அது இந்தத் துடிப்புகளை உண்மையான வெளிச்சம் என்று நம்பித் தவறாகத் திருத்திக்கொண்டே இருக்கும். உங்கள் அக்காவின் கணவர் வீட்டில் எழுதிய தட்டில் அந்தத் தடுப்பு இல்லாததால் அது ஒழுங்காக ஓடுகிறது. பிளேயரை ஒருபோதும் டெக் வழியாகக் கொடுக்க வேண்டாம். இரண்டையும் நிரந்தரமாக இணைத்து வைக்க விரும்பினால், மூன்று நிறத் துளைகள் கொண்ட சிறிய தேர்வுப் பெட்டி ஒன்று கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் வழி மாறும், மின்சாரமும் தேவைப்படாது.

அந்த வெள்ளை மாற்றியின் பக்கவாட்டில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நல்லூர் வாசி:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். முகப்புப் படமும் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. பின்புறத்தை டோர்ச் அடித்துப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. மஞ்சள் துளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததால், பக்கத்தில் சுத்தமாக இருந்த பச்சைத் துளையில் நானே செருகியிருக்கிறேன். துளை எல்லாம் ஒன்றுதானே என்று அப்போது நினைத்தது நினைவுக்கு வருகிறது. ஸ்பிரிட் தொட்ட துணியால் மஞ்சள் துளையின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, பிளக்கை நாலைந்து தடவை சுழற்றிச் செருகினேன். முகப்புப் படம் நல்ல நீல நிறத்தில் வந்தது. கோயில் திருவிழாப் பதிவுத் தட்டு ஒன்றும், கொழும்பில் வாங்கிய குழந்தைகள் பாடல் தட்டு ஒன்றும் நிறத்தோடு ஓடின.

ஆனால் எதற்காக இத்தனையும் செய்தேனோ அந்தத் திருமணத் தட்டு மட்டும் இன்னும் கறுப்பு வெள்ளையாகவே வருகிறது. இரண்டு தட்டுகளும் அப்படித்தான். அக்காவின் கூறைச் சேலையின் நிறம் தெரியாவிட்டால் பிறகு என்ன கலியாண வீடு என்று அம்மா கேட்கிறார்.

மாற்றியில் உள்ள சுவிட்சின் ஒரு பக்கம் பால் என்றும் மறுபக்கம் என்.ரி.எஸ்.சி. என்றும் எழுதியிருக்கிறது.

மதுரை டிவி மெக்கானிக்:

அப்படியானால் அந்த மாற்றி உங்களுக்கு எதிர்த் திசையில் வேலை செய்வது. எச்.டி.எம்.ஐ. சிக்னலைப் பழைய மூன்று நிற வழிக்கு மாற்றும் பெட்டியில்தான் பால், என்.டி.எஸ்.சி. (நாட்டுக்கு நாடு மாறும் இரண்டு டிவி நிற முறைகள்) என்ற சுவிட்ச் இருக்கும். மூன்று நிற வழியை எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் பெட்டியில் 720, 1080 என்று எண்கள் எழுதிய சுவிட்ச் இருக்கும். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போலவே இருப்பதால் கடைகளில் மாறிப்போவது சாதாரணம். சரியானதை வாங்கினாலும் அதற்கு 5 வோல்ட் மின்சாரம் யு.எஸ்.பி. வயர் வழியாகக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

திருமணத் தட்டுக்கு மட்டும் நிறம் இல்லை என்றால் ஒரு பழுது இன்னொரு பழுதின் பின்னால் ஒளிந்திருந்தது என்று பொருள். கனடாத் தட்டு என்று சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும். அதைப் பற்றி அங்கே இருப்பவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

அண்ணாநகர் வாசகர்:

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்பது என் கருத்து. எச்.டி.எம்.ஐ. உள்ள புதிய டி.வி.டி. பிளேயர் ஒன்றை வாங்கிவிடுங்கள். எண்ணிம வழியில் படம் போகும்போது நிறத்தைத் தனி அலையில் ஏற்றி அனுப்பும் பழைய முறையே அங்கு இல்லை. ஆகையால் எந்த நாட்டுத் தட்டும் நிறத்தோடுதான் வரும். நான் அப்படித்தான் செய்தேன். டெக்குக்கு இது உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்காபரோ பழைய கடைக்காரர்:

வணக்கம். ரொறன்ரோவில் கசெட்டுகளைத் தட்டுகளாக மாற்றிக் கொடுக்கும் கடை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் போகவேண்டிய திருமண, சாமத்திய வீட்டு, மரணச் சடங்குப் பதிவுகளை எண்ணிக்கையில்லாமல் மாற்றியிருக்கிறேன். நீங்கள் சொல்லும் முறைப்பாடு அந்தக் காலத்தில் வாரம் ஒரு தடவையாவது தொலைபேசியில் வரும்.

கனடாவும் அமெரிக்காவும் ஜப்பானும் பயன்படுத்தியது என்.ரி.எஸ்.சி. முறை. இலங்கையும் இந்தியாவும் பயன்படுத்தியது பால் முறை. பசும்பால் அல்ல, முறையின் பெயரே அதுதான். ஒரு தாயார் கசெட்டைப் பாலில் கழுவவேண்டுமோ என்று உண்மையாகவே கேட்டிருக்கிறார். ரூபவாஹினியை 1982இல் ஜப்பானின் உதவியோடு தொடங்கியபோதும் ஜப்பானின் முறையை எடுக்காமல் பாலைத்தான் எடுத்தார்கள். பால் முறையில் ஒரு படச் சட்டத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 சட்டங்கள், என்.ரி.எஸ்.சி.யில் 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். ஒவ்வொரு சட்டமும் பாதிப் பாதியாக இரண்டு தடவையில் எழுதப்படுவதால்தான் மெக்கானிக் 50, 60 என்று சொன்னார். நிறத்தைச் சுமந்து செல்லும் அலை பாலில் 4.43 மெகாஹேர்ட்ஸ், என்.ரி.எஸ்.சி.யில் 3.58 மெகாஹேர்ட்ஸ். உங்கள் தொலைக்காட்சி பாலை மட்டும் எதிர்பார்த்து 4.43இல் நிறத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது தட்டிலிருந்து நிறம் 3.58இல் வந்தால், அது நிறத்தைக் காணாது; வெளிச்சத்தை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டும். உங்கள் பழைய குழாய்ப் பெட்டி பல முறைகளையும் தானாக அறியும் வகையாக இருந்திருக்கும். ஆசிய நாடுகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விற்ற பெட்டிகளில் அந்த வசதி பரவலாக இருந்தது.

புதிய பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்கும் இரண்டு முறைகளும் தெரியும். யாரோ அமைப்பில் பாலை மட்டும் தெரிவுசெய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பெட்டியைப் பூட்ட வந்தவராக இருக்கலாம், ரிமோட்டோடு விளையாடிய சிறுவராகவும் இருக்கலாம். அதை மாற்றும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பல பெட்டிகளில் நிற முறை என்ற தெரிவு ஏ.வி. வழி திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே பட அமைப்புக்குள் தெரியும், யூடியூபோ எச்.டி.எம்.ஐ.யோ ஓடும்போது தேடினால் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டாது. ஆகவே திருமணத் தட்டை ஓடவிட்டு, அந்த நேரத்தில் அமைப்புக்குள் போய்த் தானியங்கு என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பிளேயரின் அமைப்பிலும் தொலைக்காட்சி முறை என்று ஒன்று இருக்கும்; அதையும் தானியங்கு என்றே வையுங்கள். தொலைக்காட்சியில் அந்தத் தெரிவே இல்லாவிட்டால் மட்டும் பிளேயரைப் பால் என்று மாற்றலாம். பிளேயர் தானே முறையை மாற்றி அனுப்பும். நிறம் வந்துவிடும், ஆனால் நொடிக்கு 30 சட்டங்களை 25 ஆக்குவதால் மணமக்கள் நடந்துவரும் காட்சிகளில் சிறிய வெட்டு வெட்டான அசைவு தெரியும்.

கசெட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உங்கள் சிங்கப்பூர் டெக் அந்த நாட்டுப் பால் முறைக்குச் செய்யப்பட்டதாயினும் என்.ரி.எஸ்.சி. கசெட்டையும் வாசிக்கும் வகை என்று தெரிகிறது, இல்லையேல் பழைய பெட்டியில் படமே நின்றிராது. அப்படிப்பட்ட டெக்குகள் பல, வரிகளை 525 ஆகவே விட்டு நிறத்தை மட்டும் 4.43க்கு ஏற்றி அனுப்பும் ஒரு கலப்பு முறையைப் பயன்படுத்தின. தானியங்கு அமைப்பில் பல தொலைக்காட்சிகள் அதையும் ஏற்கும். நீலத் திரை வருவதற்குக் காரணம் நிறம் அல்ல. நாடா பழையதாகி நீண்டு சுருங்கும்போது ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரம் சற்று முன்பின் ஆகிறது. குழாய்ப் பெட்டி அந்த ஆட்டத்தோடு தானும் ஆடிப் படத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். புதிய பெட்டி ஒவ்வொரு சட்டத்தையும் எண்களாக்கி நினைவில் எழுத வேண்டியிருப்பதால், வரி தொடங்கும் இடம் பிடிபடாவிட்டால் சிக்னலே இல்லை என்று முடிவுசெய்து நீலத்தைக் காட்டிவிடுகிறது. அமைப்பில் நீலத் திரை என்ற தெரிவு இருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். நாடாவின் தடத்தோடு வாசிப்பைப் பொருத்தும் டெக்கின் ட்ரக்கிங் பொத்தானை மெதுவாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

ஆனால் அதற்கு முன் கசெட்டின் சிறு கண்ணாடிக்குள் வெள்ளைப் பொடி போல, மெல்லிய கோலம் போட்டதுபோல ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். அது பூஞ்சணம். கடற்கரைக் காற்றில் வைத்த கசெட்டுகளில் நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். இருந்தால் தயவுசெய்து டெக்கில் போடவேண்டாம். நாடா அறுந்துபோகலாம், நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டிய பூஞ்சணம் அடுத்த கசெட்டுக்கும் போய்விடும். கசெட்டின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தகடு உடைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவுப் பொத்தான் அழுத்தப்பட்டாலும் திருமணத்தின் மேல் வேறொன்று பதிவாகாது. டெக்கைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி உதிரிப்பாகம் என்பது இன்னொரு பழைய டெக்கின் வயிற்றிலிருந்துதான் வரவேண்டும். கசெட்டிலிருந்து இன்னும் ஒரு தடவைதான் வாசிக்க முடியும் என்று எண்ணி, அந்த ஒரு தடவையில் நல்ல தரத்தில் கணினியில் ஏற்றக்கூடியவரிடம் கொடுங்கள். மருமகன் மாற்றியபோது படத்தின் தரத்தைக் குறைத்து ஒரே தட்டில் அதிக நேரத்தை அடைத்திருந்தால், மூலக் கசெட்டில் அதைவிட நல்ல படம் இருக்கும்.

நல்லூர் வாசி:

இருவருக்கும், புதிய பிளேயர் வாங்கச் சொன்ன அன்பருக்கும் நன்றி. தட்டை ஓடவிட்டுப் பட அமைப்புக்குள் போனபோது, முன்பு நான் ஒருபோதும் காணாத நிற முறை என்ற வரி அங்கே இருந்தது. பால் என்று இருந்ததைத் தானியங்கு என்று மாற்றிய அதே நொடியில் மண்டபம் முழுவதும் நிறம் பரவியது. கூறைச் சேலை அரக்குச் சிவப்பு என்று அம்மா சொன்னது சரி. நான் இத்தனை நாளாக அது நாவல் நிறம் என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

கசெட்டின் கண்ணாடிக்குள் ஒரு ஓரத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. பூஞ்சணமா தூசியா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆகையால் டெக்கில் போடுவதை நிறுத்திவிட்டேன். முதுகுத் தகடு 1997இலேயே உடைக்கப்பட்டிருந்தது. கசெட்டைச் செய்தித்தாளில் சுற்றி அரிசி வாளிக்குள் வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

ஸ்காபரோ பழைய கடைக்காரர்:

அரிசி வேண்டாம், அதன் தூசும் வண்டும் நாடாவுக்குள் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு போட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கசெட்டை நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதற்குள் காந்தம் இருக்கிறது. பூஞ்சணத்தைத் துடைத்துக் கணினியில் ஏற்றக்கூடியவர் கிடைக்கும் வரை அது அப்படியே இருக்கட்டும்.

நல்லூர் வாசி:

அப்படியே செய்துவிட்டேன். பிளேயரின் பச்சைத் துளையின் மேல் கறுப்பு ரேப்பும் ஒட்டிவிட்டேன்.